குலுக்கலில் எந்தப் பக்கம் விழுந்தாலும் சம்மதமா?

குழந்தையின்மை சிகிச்சை பற்றிய ஆய்வுகளில் தன்னார்வலராகச் சேர்வதைப் பற்றிப் போன இதழில் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. இப்படிப்பட்ட ஆய்வுகளில் பதினோரு வருடம் ஒருங்கிணைப்பாளராக வேலை பார்த்தவள், அதாவது படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குகிற ஆள். எந்த ஊசி, எவ்வளவு அளவு என்பதையெல்லாம் உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். எழுதியவர்களின் பெயர், ஊர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, எனக்கு வயது 34. இரண்டு முறை ஐவிஎஃப் (சோதனைக் குழாய் முறை) செய்து இரண்டும் நிற்கவில்லை. மூன்றாவது முறைக்குப் போனபோது டாக்டர், "இங்கே ஒரு ஆய்வு நடக்கிறது, சேர்கிறீர்களா?" என்று கேட்டார். சேர்ந்தால் புது சிகிச்சை கிடைக்கும், வாய்ப்பு கூடும் என்கிறார் கணவர். "உன்னைச் சோதனை எலியாக்கப் பார்க்கிறார்கள்" என்கிறார் அம்மா. யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதும் முழுக்கச் சரியில்லை. ஆனால் உங்கள் அம்மாவின் பயத்தைவிட உங்கள் கணவரின் நம்பிக்கைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. பயந்து வருகிறவர்கள் கேள்வி கேட்பார்கள். நம்பி வருகிறவர்கள் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்பார்கள். என் மேஜைக்கு எதிரே எத்தனையோ முறை பார்த்தாயிற்று.

புது முறைதான் நல்லது என்று டாக்டர்களுக்கு உறுதியாகத் தெரிந்திருந்தால் ஆய்வுக்கே வேலை இல்லை, எல்லோருக்கும் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். தெரியவில்லை, அதனால்தான் ஆய்வு. இதைச் சொன்னால் நிறையப் பேருக்குக் கோபம் வரும், "இவ்வளவு பெரிய டாக்டருக்குத் தெரியாதா?" என்று. தெரியாது. அவர் அதை வாய்விட்டுச் சொல்கிறார் என்பதே அவர்மேல் மரியாதை வைக்க ஒரு காரணம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஐவிஎஃப்புக்கு முந்தைய மாதம் கருப்பையின் உள்சவ்வை மெல்லிய குழாய் விட்டு லேசாகச் சுரண்டினால் கரு நன்றாக ஒட்டும் என்று 2003ல் இஸ்ரேலில் ஒரு சின்ன ஆய்வு சொன்னது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். பல நாடுகளில் கிளினிக்குகள் வருடக்கணக்காக அதைச் செய்தன, காசும் வாங்கின, பெண்களும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினார்கள். அப்புறம் ஐந்து நாடுகளில் 1,364 பெண்களைச் சேர்த்து ஒழுங்காக ஒரு ஆய்வு நடத்தினார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குச் சுரண்டல் உண்டு, பாதிப் பேருக்கு இல்லை. 2019ல் முடிவு வந்தது. சுரண்டியவர்கள் 690 பேர், அதில் குழந்தை பெற்றவர்கள் 180. சுரண்டாதவர்கள் 674 பேர், அதில் 176. சதவீதம் போட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் 26.1. புள்ளிக்குப் பின்னால்கூட வித்தியாசம் இல்லை!

அந்த ஆய்வில் "எனக்குப் புது முறை விழுந்தது" என்று சந்தோஷப்பட்டவருக்குக் கிடைத்தது வலி மட்டும்தான். ஆனால் அந்த 1,364 பேர் வந்ததால், அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற எத்தனையோ பேருக்கு அந்த வலி மிச்சம்.

குலுக்கல் என்றேன் அல்லவா, அது எப்படி நடக்கும் தெரியுமா? சீட்டு எடுப்பதெல்லாம் இல்லை. உங்கள் விவரங்களைக் கணினியில் போட்டு ஒரு பொத்தானை அழுத்துவோம், ஒரு நொடியில் எந்தப் பிரிவு என்று திரையில் வந்துவிடும். டாக்டர் நினைத்தாலும் மாற்ற முடியாது, நான் நினைத்தாலும் முடியாது. அந்த ஒரு நொடிக்கு முன்னால் சில பெண்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஒருவர் திரையைப் பார்க்கவே மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எது வந்திருந்தாலும் நல்லது வந்ததென்றே சொல்லுங்கள்" என்றார். அன்றைக்கு அவரைச் சேர்க்காமல் இருந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். வழக்கமான சிகிச்சைப் பிரிவில் விழுந்தால் தாங்க முடியாது என்கிற நிலையில் இருக்கிறவர் ஆய்வுக்கு வரக் கூடாது. வந்தால் ஒவ்வொரு நாளும், கிடைக்காமல் போனதையே நினைத்துக்கொண்டிருப்பார்.

இன்னொன்று, இது குழந்தையின்மை ஆய்வுகளுக்கே உரிய விஷயம், யாரும் சொல்ல மாட்டார்கள். சர்க்கரை நோய் ஆய்வில் ஆறு மாதம் காத்திருந்தால் பெரிதாக ஒன்றும் போகாது. இங்கே ஆறு மாதம் என்பது ஆறு மாதத்துக் கருமுட்டைகள். 34 வயதில் அது தாங்கும், 39ல் யோசிக்க வேண்டும். "இந்த ஆய்வால் என் சிகிச்சை எத்தனை மாதம் தள்ளிப்போகும்?" என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். பதிலில் "கொஞ்சம்" என்ற சொல் வந்தால் விடாதீர்கள், எண் கேளுங்கள்.

சரி, எலி விஷயம். எலியிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை, பாதியில் விலக அதற்கு உரிமையும் இல்லை. அம்மாவையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கேட்கிற கேள்விகளுக்கு ஆய்வுக்காரர்கள் எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்று பார்த்தாலே உங்களுக்குப் பாதி தெரிந்துவிடும்.

கேள்வி: ஆய்வில் சேர்ந்தால் பணம் தருவார்களாமே, உண்மையா?

போக்குவரத்துச் செலவும், வேலையை விட்டு வந்த நாளுக்கு ஏதோ ஒரு தொகையும் தருவது உண்டு, ஆய்வுக்காகவே செய்யும் பரிசோதனைகளும் மருந்தும் பெரும்பாலும் இலவசம். ஐவிஎஃப் செலவு முழுவதையும் ஏற்றுக்கொள்வார்கள் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். அப்புறம், பரிசோதனை நிலையில் இருக்கும் ஒரு மருந்தையோ முறையையோ "ஆய்வு" என்று சொல்லி உங்களிடமே பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: அக்கா, பிரச்சினை என் பக்கம்தான், விந்தணு எண்ணிக்கை குறைவு. ஆனால் ஊசி, ஸ்கேன், ஆய்வு என்று எதற்கெடுத்தாலும் மனைவியைத்தான் கூப்பிடுகிறார்கள். ஆண்கள் சேருகிற ஆய்வு இருக்கிறதா? சேர்ந்தால் என்ன செய்யச் சொல்வார்கள்?

இருக்கிறது தம்பி, ஆனால் ஆள் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. மனைவி பதினைந்து தடவை ரத்தம் கொடுத்திருப்பார், கணவரை ஒரே ஒரு தடவை விந்து மாதிரி கொடுக்கச் சொன்னால் வேலை இருக்கிறது என்பார். நீங்களாகவே கேட்டு எழுதியிருக்கிறீர்களே, அதுவே பெரிய விஷயம்.

செய்ய வேண்டியது ரொம்ப எளிது, அதே சமயம் ரொம்பச் சங்கடமும்கூட. இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மிகாமல் உறவு இல்லாமல் விலகி இருந்துவிட்டு, ஒரு சின்ன அறையில் ஒரு டப்பாவில் மாதிரி கொடுக்க வேண்டும். எத்தனை நாள் இடைவெளி என்று கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எண்ணிக்கை அதைப் பொறுத்து மாறும். முதல் சில சொட்டுகள் டப்பாவுக்கு வெளியே போய்விட்டால் அதையும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லக் கூச்சப்பட்டுச் சும்மா இருந்தவர்களால் கெட்டுப்போன கணக்குகள் எத்தனையோ. வீட்டிலிருந்து கொண்டுவர அனுமதித்தால், ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தாக வேண்டும், வெயிலிலோ ஐஸ் பெட்டியிலோ வைக்கக் கூடாது, உடம்புச் சூட்டில் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருவது நல்லது. ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும் என்பதால் இந்த ஆய்வுகள் இழுக்கும், மூன்று மாதம் ஆறு மாதம் என்று மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும்.

அதனால் ஏதாவது பயன் உண்டா என்றால், உண்டு. கடைகளில் "ஆண்மைக்கு", "விந்தணு பெருக" என்று விற்கிற சத்து மாத்திரைகள் பலவற்றில் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும்தான் முக்கியச் சரக்கு. இது உண்மையிலேயே உதவுகிறதா என்று அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்துப் பார்த்தார்கள். ஆண்களில் பாதிப் பேருக்கு ஆறு மாதம் அந்த மாத்திரை, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. 2020ல் வெளிவந்த முடிவு: மாத்திரை சாப்பிட்டவர்கள் பக்கம் குழந்தை பிறந்தது 34 சதவீதம், வெற்று மாத்திரை பக்கம் 35. விந்தணுவின் எண்ணிக்கையோ ஓட்டமோ கூடவில்லை, வயிற்றுக் கோளாறுதான் கூடியது. 2,370 ஆண்கள் கூச்சத்தை விட்டு வந்ததால் இது தெரிந்தது. நீங்கள் இப்போது அப்படி ஏதாவது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்த ஆய்வில் சேருவதாக இருந்தாலும், சாப்பிடுகிற எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் ஊசி போட்டிருந்தால் அதையும்தான். வெளியிலிருந்து உடம்புக்குள் போகிற டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். பலம் கூடும் என்று போட்டுக்கொண்டு, எண்ணிக்கை குறைந்ததற்கு அதுதான் காரணம் என்றே தெரியாமல் வந்து உட்கார்ந்தவர்கள் உண்டு.

கேள்வி: குழந்தைக்காக ஏங்கி வருகிறவளுக்கு வெற்று மாத்திரையைக் கொடுத்து ஏமாற்றுவது அநியாயம் இல்லையா? கோபமாகத்தான் கேட்கிறேன்.

கோபம் நியாயமானது. முதலில் ஒரு திருத்தம்: வெற்று மாத்திரை எல்லா ஆய்விலும் கிடையாது. ஏற்கெனவே வேலை செய்கிற சிகிச்சை இருந்தால், அதைப் புது சிகிச்சையோடு நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பார்கள். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) உள்ளவர்களுக்குக் கருமுட்டை வெளிவர ரொம்ப காலமாகக் கொடுத்துவந்தது குளோமிஃபீன். அதற்குப் பதிலாக, மார்பகப் புற்றுநோய்க்கு வந்த லெட்ரோசோலைக் கொடுத்தால் எப்படி என்று 750 பெண்களிடம் பார்த்தார்கள், எல்லோருக்கும் ஏதோ ஒரு மருந்து உண்டு. 2014ல் வந்த முடிவில் லெட்ரோசோல் பக்கம் 27.5 சதவீதம் பேருக்குக் குழந்தை, குளோமிஃபீன் பக்கம் 19.1. உங்களில் யாராவது லெட்ரோசோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பெண்களை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

வெற்று மாத்திரை தருகிற ஆய்வாக இருந்தால், அப்படி ஒன்று உண்டு, உங்களுக்கு விழலாம், உங்களுக்கும் தெரியாது டாக்டருக்கும் தெரியாது என்று முன்கூட்டியே சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். சொல்லிவிட்டுச் செய்வதற்கும் சொல்லாமல் செய்வதற்கும் இடையில் உள்ள தூரத்துக்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

டிஇஎஸ் என்று ஒரு செயற்கை ஹார்மோன் 1938ல் வந்தது. கருச்சிதைவைத் தடுக்கும் என்று கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 1950களின் தொடக்கத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு அது, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. 1953ல் முடிவு சொன்னார்கள், ஒரு பயனும் இல்லை என்று. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும் அல்லவா? நிறுத்தவில்லை, இன்னும் பதினெட்டு வருடம் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். 1971ல்தான், அந்த மருந்தைச் சாப்பிட்ட தாய்மார்களின் மகள்களுக்கு இளம் வயதிலேயே ஓர் அபூர்வமான பிறப்புறுப்புப் புற்றுநோய் வருவது தெரிந்தது, அதற்கப்புறம்தான் அமெரிக்க அரசு எச்சரிக்கை கொடுத்தது. அந்தச் சிகாகோ பெண்களில் சிலர் பின்னாளில் வழக்குப் போட்டார்கள், எங்களுக்கு என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்று சொல்லவே இல்லை என்று.

இதில் கவனியுங்கள், கெடுதி வெற்று மாத்திரை விழுந்தவர்களுக்கு வரவில்லை. "மருந்து" விழுந்தவர்களுக்கும் அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கும்தான் வந்தது. வெற்று மாத்திரை என்றால் நஷ்டம், மருந்து என்றால் லாபம் என்று மனசு போடுகிற கணக்கு எப்போதும் சரியாக இருப்பதில்லை.

கேள்வி: ஒப்புதல் படிவம் என்று 16 பக்கம் கொடுத்திருக்கிறார்கள். படித்தால் தலை சுற்றுகிறது. எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் அதை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். அங்கேயே உட்கார்ந்து இப்போதே போடுங்கள் என்று யாரும் சொல்லக் கூடாது, சொன்னால் அதுவே ஒரு தகவல். உங்களுக்குப் புரிகிற மொழியில் படிவம் கேட்பதும் உங்கள் உரிமை.

அப்புறம் இரண்டு நிறப் பென்சில்களை எடுத்துக்கொண்டு, "வழக்கமான சிகிச்சை" என்று வருகிற இடங்களில் ஒரு நிறத்திலும் "ஆய்வுக்காக" என்று வருகிற இடங்களில் வேறொரு நிறத்திலும் கோடு போடுங்கள். என்னிடம் ஒரு பள்ளி ஆசிரியை இப்படித்தான் போட்டுக்கொண்டு வந்தார், சிவப்பும் பச்சையுமாக. அதைப் பார்த்து நானே அசந்துபோனேன், ஏனென்றால் அந்தப் படிவத்தை எழுதிய குழுவில் நானும் இருந்தேன், ஆய்வுக்காக மட்டும் எடுக்கும் ரத்தம் இத்தனை தடவை என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. கோடு போட்டு முடித்ததும் அந்த "ஆய்வுக்காக" வரிகளை மட்டும் படியுங்கள். நீங்கள் சம்மதிப்பது அதற்குத்தான்.

எதை வெற்றி என்று கணக்கு வைக்கிறார்கள் என்று தேடுங்கள். சில ஆய்வுகளில் கர்ப்பப் பரிசோதனையில் ஹார்மோன் தெரிந்தாலே வெற்றி, சிலவற்றில் ஸ்கேனில் இதயத் துடிப்பு, நல்ல ஆய்வுகளில் குழந்தை உயிரோடு பிறக்க வேண்டும். நீங்கள் வந்தது குழந்தைக்காக. ஆய்வு பரிசோதனைக் கோட்டோடு நின்றுவிட்டால் இரண்டு பேரும் ஒரே இடத்துக்குப் போகவில்லை என்று அர்த்தம். இதை வைத்து மட்டும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், தெரிந்துகொண்டு சேருங்கள்.

பாதிப்பு ஏற்பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது என்று ஒரு பத்தி இருக்கும், அதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். கருமுட்டை வளர ஊசி போடும் ஆய்வு என்றால் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வீங்குவது பற்றிக் கட்டாயம் எழுதியிருக்க வேண்டும், வயிறு உப்பி, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்தால் நடு ராத்திரியில் எந்த எண்ணைக் கூப்பிடுவது என்பதும். அந்த எண்ணைக் கையெழுத்துப் போடும் முன்பு ஒருதடவை கூப்பிட்டுப் பாருங்கள். சிரிக்காதீர்கள், சும்மா சொல்லவில்லை. யாரும் எடுக்காத எண் அச்சாகியிருந்த படிவத்தை நான் கையாண்டிருக்கிறேன், வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

பதிவு எண் ஒன்று இருக்கும். ஆளைச் சேர்க்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதியாத ஆய்வுகளை வெளியிட மாட்டோம் என்று முக்கியமான மருத்துவ இதழ்கள் 2005லிருந்து சொல்லிவருகின்றன. அந்த எண்ணை இணையத்தில் போட்டால் ஆய்வின் விவரம் வரும், வர வேண்டும். ஆய்வு நியாயமாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு விவரம் கடைசிப் பக்கத்தில் இருக்கும். அதைக் கிழித்துத் தனியாக வையுங்கள்.

கேள்வி: வயது 41, ஆய்வுக்குத் தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரொம்ப அவமானமாக இருந்தது.

இதில் அவமானத்துக்கு ஒன்றும் இல்லை, ஆனால் அந்தச் சொல் அப்படித்தான் காதில் விழும், "தகுதி". ஆட்கள் ஒரே மாதிரி இருந்தால்தான் மருந்தால் வந்த வித்தியாசம் எது என்று கண்டுபிடிக்க முடியும் என்பதற்காகப் போடுகிற வேலி அது. அந்த வேலியால் 40க்கு மேற்பட்டவர்களுக்கு எது வேலை செய்யும் என்பதற்கு ஆய்வுகள் குறைவாக இருக்கின்றன என்பதும் உண்மை. உங்கள் வயதுக்காரர்களை மட்டுமே சேர்க்கிற ஆய்வுகளும் நடக்கும், பொதுப் பதிவேட்டில் வயதைப் போட்டுத் தேடலாம்.

கேள்வி: ஆய்வில் சேர்ந்து, கடவுள் புண்ணியத்தில் மகன் பிறந்து, இப்போது அவனுக்கு ஆறு வயது. இன்னமும் வருடா வருடம் போன் செய்து, பையனைக் கூட்டி வாருங்கள், உயரம் எடை பார்க்க வேண்டும் என்கிறார்கள். அவனுக்கு என்ன குறை? எதற்குப் போக வேண்டும்?

குறை இல்லை என்று நிரூபிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். நல்ல பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லோரும் வராமல் இருந்து, ஏதோ சந்தேகம் உள்ளவர்கள் மட்டும் வந்தால் கணக்கு எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்சி முறையில் பிறந்த குழந்தைகள் பற்றி பிரஸ்ஸல்ஸில் இருந்துதான் 1992ல் முதலில் அறிவித்தார்கள். அந்தக் குழுவினரே அங்கே பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்துவந்தார்கள். அவர்களில் 18லிருந்து 22 வயதுக்குள் இருந்த 54 பையன்கள் வந்து விந்து மாதிரி கொடுத்தார்கள். இயல்பாகக் கருத்தரித்துப் பிறந்த அதே வயதுப் பையன்களோடு ஒப்பிட்டால் இவர்களின் விந்தணு அடர்த்தி ஏறக்குறைய பாதிதான் இருந்தது. 2016ல் வெளியிட்டார்கள். அப்பாவுக்கு இருந்த குறை மகனுக்கும் வந்திருக்கலாம் என்பதுதான் பெரும்பாலோர் நினைக்கும் காரணம். பெரிய எண்ணிக்கை இல்லை, வெறும் 54 பேர். ஆனால் இருபது வருடம் கழித்து அந்த 54 பேர் வந்ததால்தான், இக்சி செய்யப் போகும் தம்பதிக்கு இன்று டாக்டர் இதைச் சொல்ல முடிகிறது.

அதற்காகக் கட்டாயம் போங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆறு வயதுப் பையன் இப்போதே "ஏன் என்னை மட்டும் அளக்கிறார்கள்?" என்று கேட்க ஆரம்பித்திருப்பான். அவன் எப்படிப் பிறந்தான் என்று அவனுக்குச் சொல்லாமல் அங்கே கூட்டிப் போவது நல்லதில்லை, முதலில் அந்த முடிவை எடுங்கள். சொல்வதற்கு மனசு இல்லை என்றால், உயரம் எடையை மட்டும் நீங்களே எழுதி அனுப்பலாமா என்று கேட்டுப் பாருங்கள், நிறைய இடங்களில் சரி என்பார்கள். அவன் பெரியவனானதும் தொடர்வதா வேண்டாமா என்பது அவன் பாடு.

கேள்வி: பாதியில் விலகினால் சிகிச்சையையும் நிறுத்திவிடுவார்களா? உறையவைத்த கருக்கள் மூன்று இருக்கின்றன, அவற்றை ஆய்வுக்குக் கொடுங்கள் என்றும் கேட்கிறார்கள்.

எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, வழக்கமான சிகிச்சை தொடர வேண்டும். ஒரே ஒரு வேண்டுகோள், ஊசி போட்டுக்கொண்டிருக்கும் நடுவில் போனை எடுக்காமல் காணாமல் போய்விடாதீர்கள், அது உங்கள் உடம்புக்கே ஆபத்து. விலகுகிறேன் என்று ஒரு வரி சொல்லிவிட்டு விலகுங்கள்.

கரு விஷயம் வேறு கதை. இதற்கு உங்கள் கையெழுத்து மட்டும் போதாது, கணவரின் கையெழுத்தும் வேண்டும், ஆய்வு ஒப்புதலோடு சேர்த்துக் கட்டாமல் தனிப் படிவமாக இருக்க வேண்டும். ஆய்வுக்குக் கொடுத்த கருவை யாருடைய கருப்பையிலும் வைக்க மாட்டார்கள், பல நாடுகளில் 14 நாளுக்கு மேல் வளர்க்கவும் கூடாது. கரு ஏன் சில நாளில் தானாகவே நின்றுவிடுகிறது என்பதெல்லாம் இப்படிக் கொடுக்கப்பட்டவற்றிலிருந்துதான் தெரியவந்தது. ஆனாலும், உங்கள் குடும்பம் முழுமையாகிவிட்டது என்று உங்களுக்கே தோன்றுகிற வரைக்கும் "யோசித்துச் சொல்கிறேன்" என்றே சொல்லிக்கொண்டிருங்கள். உறைந்திருப்பது எங்கேயும் ஓடிவிடாது.

கேள்வி: இரண்டு வருடம் ஒரு ஆய்வில் இருந்தேன். சொன்ன நாளில் போனேன், சொன்ன ஊசியெல்லாம் போட்டுக்கொண்டேன். குழந்தை இல்லை. கடைசி நாளில் "நன்றி" என்று ஒரு கார்டு கொடுத்தார்கள். முடிவு என்ன ஆயிற்று என்றுகூட யாரும் சொல்லவில்லை. வெற்றி பெற்றவர்களால் ஆய்வுக்குப் பெருமை. என்னால் என்ன பயன்?

உங்கள் கடிதத்தை மூன்று நாள் மேஜையிலேயே வைத்திருந்தேன்.

1978 ஜூலை 25ல் பிறந்த முதல் சோதனைக் குழாய் குழந்தை லூயிஸ் பிரவுனை எல்லோருக்கும் தெரியும். அதைச் சாத்தியமாக்கிய விஞ்ஞானி எட்வர்ட்ஸுக்கு 2010ல் நோபல் கொடுத்தார்கள், அவரோடு சேர்ந்து வேலை செய்த டாக்டர் ஸ்டெப்டோவையும் ஜீன் பர்டியையும் தெரிந்தவர்கள் உண்டு. அதற்கு முன்னால் இங்கிலாந்தில் ஓல்டம் என்ற ஊரில், 1969லிருந்து 1978 வரை, 282 பெண்கள் அவர்களிடம் வந்தார்கள் என்பது பல வருடம் கழித்துப் பழைய நோட்டுப் புத்தகங்களை எடுத்துக் கூட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கருமுட்டை எடுக்க 457 தடவை முயன்றிருக்கிறார்கள். அன்றைக்கு அது வயிற்றில் துளை போட்டு, மயக்கம் கொடுத்துச் செய்கிற வேலை. மூன்று மணி நேரத்துக்கு ஒருதடவை சிறுநீர் பிடித்துக் கொடுக்க வேண்டும், ராத்திரியும் தூங்க விடாமல். ஹார்மோன் ஏறுகிற நேரம் நடு ராத்திரி என்றால் நடு ராத்திரியிலேயே அறுவை. 112 தடவை கரு வைத்தார்கள். ஐந்து கர்ப்பம். அதில் ஒன்று 1976ல் கருக்குழாயிலேயே தங்கிவிட்டது. உயிரோடு பிறந்தவை இரண்டு.

மீதி 280 பேர் வெறும் கையோடு வீட்டுக்குப் போனார்கள். எந்த நாளில் எடுத்தால் முட்டை பழுத்திருக்கும், எந்த ஊசி கொடுத்தால் கரு தங்காமல் போகிறது, எந்தத் திரவத்தில் வைத்தால் பிழைக்கிறது, எல்லாம் அவர்கள் உடம்பிலிருந்து கற்றது. லூயிஸின் அம்மா லெஸ்லி பிரவுன், இந்த முறையில் ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் குழந்தைகள் பிறந்திருக்கும் என்றே தான் நினைத்துக்கொண்டிருந்ததாகப் பின்னாளில் சொன்னார். அந்த வெற்றிக் கதையிலேயே யாரோ அவருக்குச் சொல்லாமல் விட்ட ஒரு வரி இருக்கிறது.

இதைச் சொல்லி உங்களைத் தேற்ற முடியும் என்று நான் நினைக்கவில்லை. 280ல் ஒருவர் என்பது யாருக்கும் ஆறுதல் ஆகாது, குழந்தைக்காகப் போனவருக்கு வேண்டியது குழந்தைதான். ஆனால் "என்னால் என்ன பயன்" என்று கேட்டீர்கள், அதற்கு விடை இருக்கிறது: உங்களுக்கான கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதாமல் விட்டிருந்தால் அந்த ஆய்வே பொய். சுரண்டல் ஆய்வைச் சொன்னேன் அல்லவா, அதில் குழந்தை பிறக்காதவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அந்த முறைக்குப் பலன் இல்லை என்பதை அவர்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டதால்தான் சொல்ல முடிந்தது.

முடிவைச் சொல்லாமல் விட்டது தப்பு, அதில் சமாதானம் ஒன்றும் கிடையாது. நான் வேலை பார்த்த இடத்திலும் இதே தப்பு நடந்திருக்கிறது, கார்டு அச்சடித்தவர்களுக்குக் கடிதம் அச்சடிக்கத் தோன்றவில்லை. உங்கள் ஒப்புதல் படிவத்தின் நகல் வீட்டில் இருக்கும், அதில் ஆய்வின் பதிவு எண்ணும் உங்கள் அடையாள எண்ணும் இருக்கும். இரண்டையும் எழுதி, "முடிவு வெளிவந்ததா, நான் எந்தப் பிரிவில் இருந்தேன், என் உடம்பைப் பற்றித் தெரிந்துகொண்டது ஏதாவது என் அடுத்த சிகிச்சைக்கு உதவுமா" என்று மூன்று கேள்வி கேட்டு முதன்மை ஆய்வாளருக்கு அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை என்றால் அதே கடிதத்தை நெறிமுறைக் குழுவுக்கு அனுப்புங்கள். படிவம் கிடைக்கவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், எங்கே கேட்டால் நகல் தருவார்கள் என்று சொல்கிறேன்.